நாலு வார லீவில் டைல்ஸ் வாங்குவது

வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து பழைய வீட்டுக்குத் தரை மாற்ற நினைப்பவர்கள் டைல்ஸ் கடையில் முதலில் கேட்க வேண்டியது டிசைனும் இல்லை, விலையும் இல்லை. "இது குடோன்ல எத்தனை பாக்ஸ் இருக்கு? எல்லாம் ஒரே பேட்ச்தானா?" (பேட்ச் என்றால் ஒரே தடவையில் தயாரான சரக்கு.) இதற்கு நேரான பதில் சொல்லும் கடைதான் நல்ல கடை. சென்னையில் பெரியமேடு சிடன்ஹாம்ஸ் ரோடானாலும், வேளச்சேரியிலிருந்து பள்ளிக்கரணை வரை வரிசை கட்டி நிற்கும் ஷோரூம்களானாலும் இதே அளவுகோல்தான். சுவர் முழுக்க மாட்டியிருக்கும் டிசைன்களில் பல, கையிருப்பே இல்லாதவை. ஆர்டர் கொடுத்தால் குஜராத்தின் மோர்பியிலிருந்து வர வேண்டும். டீலர் உங்கள் அறுபது பாக்ஸுக்காகத் தனி லாரி பிடிக்க மாட்டார். மற்ற ஆர்டர்களும் சேர்ந்து ஒரு லோடு நிரம்பும் வரை காத்திருப்பார். "பத்து நாள்ல வந்துடும் சார்" என்பதற்கு மூன்று வாரம் ஒதுக்கி வையுங்கள். ஆயிரம் சதுர அடித் தரையை உடைத்து அள்ளி, டைல்ஸ் ஒட்டி, இடைவெளிகளைக் கிரவுட் சாந்தால் அடைத்து முடிக்கவே ஒரு மேஸ்திரி கோஷ்டிக்குக் குறைந்தது இரண்டு வாரம் ஆகும். நாலு வார லீவுக்கு ஆர்டர் சரக்கு சரிப்படாது.

கையிருப்பு உண்டு என்று சொன்னதும் அட்வான்ஸ் கொடுத்துவிடாமல் குடோனுக்குப் போய்ப் பாருங்கள். பெட்டியின் பக்கவாட்டில் கிரேடு (தரம்), ஷேடு (நிறச் சாயல்), பேட்ச், அளவு எல்லாம் அச்சாகியிருக்கும். பிரீமியம் என்ற கிரேடுதான் வேண்டும். ஸ்டாண்டர்ட், கமர்ஷியல் என்றிருந்தால் விலை குறைந்ததற்குக் காரணம் அங்கேயே இருக்கிறது. ஒரே டிசைன், ஒரே பெயர், ஆனால் ஷேடு வேறென்றால் ஹாலில் பாதி லேசான மஞ்சளும் பாதி சாம்பலுமாகத் தெரியும். அது டைல்ஸ் ஒட்டி, சாயங்கால வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் கண்ணில் படும். பேட்ச் மாறினால் அளவும் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் மாறக்கூடும். பத்து வரிசை தாண்டியதும் கோடு கோணும். 40 பாக்ஸ் ஒரு பேட்ச், 20 பாக்ஸ் இன்னொரு பேட்ச் என்றால் பரவாயில்லை, ஹாலுக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரே அறையில் மட்டும் கலக்க விடாதீர்கள். சாம்பிளும் ஷோரூம் சுவரிலிருந்து வேண்டாம், அந்தப் பெட்டியைப் பிரித்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். கடைக்குள் எரியும் மஞ்சள் லைட்டை நம்பாமல் வாசலுக்கு எடுத்து வந்து பாருங்கள்.

கணக்கில் ஒரு சின்ன வித்தை உண்டு. இரண்டுக்கு இரண்டு என்று நாம் சொல்லும் டைல்ஸ் உண்மையில் 600 மி.மீ.; இரண்டடி என்பது 609.6 மி.மீ. பெட்டிக்கு நான்கு கல் என்றால் 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடி. கடைக்காரர் வாய்க்கணக்கில் 16 என்பார். சதுர அடி 60 ரூபாய் என்று பேசி முடித்த சரக்கு பில்லில் பெட்டி 960 என்று வந்தால், 15.5 சதுர அடிக்கு வர வேண்டியது 930. ஆயிரம் சதுர அடிக்கு 65 பாக்ஸ், ஆக 1,950 ரூபாய் கூடுதல். விலையைச் சதுர அடிக்குப் பேசினாலும் முடிக்கும்போது "பாக்ஸுக்கு எவ்வளவு, ஜி.எஸ்.டி.யோடவா?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். டைல்ஸுக்கு வரி 18 சதவீதம். முதலில் சொல்லும் விலை பெரும்பாலும் வரி நீங்கலாகத்தான் இருக்கும்.

எத்தனை பாக்ஸ் வேண்டும்? 14-க்கு 18 ஹால் என்றால் தரை 252 சதுர அடி. சுற்றளவு 64 அடியில் கதவுகளுக்கு 7 அடி கழித்து, சுவரடியில் ஒட்டும் நாலு அங்குல ஸ்கர்ட்டிங் பட்டைக்கு 19 சதுர அடி. ஆக 271. வெட்டுச் சேதாரம் எட்டு சதவீதம் சேர்த்தால் 293. அதை 15.5-ஆல் வகுத்தால் 19 பாக்ஸ். குறுக்காக, டயமண்ட் மாதிரி போடுவதானால் சேதாரத்தை 15 சதவீதமாக்குங்கள். இதற்கு மேல் ஒரு பாக்ஸ் பரணில் கிடக்கட்டும். பாத்ரூம் பைப் கசிந்து நாலு கல்லை உடைக்க வேண்டி வந்தால் அந்த டிசைன் மார்க்கெட்டிலேயே இருக்காது.

தரைக்குத் தண்ணீரை உறிஞ்சாத விட்ரிஃபைட், சுவருக்கு செராமிக் என்பது எல்லோருக்கும் தெரியும். கேட்க வேண்டியது அதற்குள் எந்த வகை என்பதை. டபுள் சார்ஜ் என்றால் மேல் வண்ண அடுக்கே மூன்று, நான்கு மி.மீ. கனம், நடமாட்டம் அதிகமுள்ள ஹாலுக்கு ஏற்றது. ஆனால் டிசைன் குறைவு. ஜி.வி.டி., அதைப் பாலிஷ் போட்ட பி.ஜி.வி.டி. வகையில் டிசைன் அச்சடித்து மேலே கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சு பூசியிருப்பார்கள். பார்க்க மார்பிள் மாதிரியே இருக்கும். பளபளப்பு வகையில் கீறல் சீக்கிரம் தெரியும், ஈரத்தில் வழுக்கும். வயசானவர்கள் இருக்கும் வீட்டில் பாத்ரூமுக்கும் துணி துவைக்கும் இடத்துக்கும் பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் தவிர வேறெதையும் எடுக்காதீர்கள். விட்ரிஃபைட்தானா என்று சந்தேகம் வந்தால் கல்லைத் திருப்பி முதுகில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். செராமிக் சீக்கிரம் குடித்து நிறம் கருக்கும்; விட்ரிஃபைட்டில் தண்ணீர் அப்படியே நிற்கும். இரண்டு கல்லை முகத்தோடு முகம் சேர்த்து வைத்து ஓரத்தில் பார்த்தால் வளைவு தெரியும். இரண்டுக்கு நாலு கல்லில் இது முக்கியம். நடு லேசாக உப்பிய கல்லைச் செங்கல் கட்டு மாதிரி பாதிக்குப் பாதி தள்ளிப் போட்டால் ஒரு கல்லின் முனை பக்கத்துக் கல்லின் மேட்டில் வந்து முட்டும், கால் தட்டும். மூன்றில் ஒரு பங்கு தள்ளினால் போதும், இல்லையென்றால் நேர் வரிசை.

ஆயிரம் சதுர அடி டைல்ஸ் கிட்டத்தட்ட இரண்டு டன். 9 மி.மீ. கனத்தில் பெட்டி ஒன்று முப்பது கிலோ வரும். குட்டியானையில் ஒரே நடையில் வராது. "டெலிவரி ஃப்ரீ" என்றால் வாசல் வரைக்கும்தான். இறக்குகூலி தனி, மாடிக்கு ஏற்றினால் மாடிக்கு இவ்வளவு என்று அதுவும் தனி. இதை லாரி வந்து நின்ற பிறகு பேசினால் அவர்கள் சொன்னதுதான் கூலி. பெட்டியைப் படுக்கப் போட்டு அடுக்க விடாதீர்கள், நிறுத்தி வைக்க வேண்டும். இறக்கும்போதே மூலை நசுங்கிய பெட்டிகளைப் பிரித்துப் பார்த்து, உடைந்ததை டெலிவரி சலானில் எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். மறுநாள் போன் பண்ணினால் யாரும் பொறுப்பேற்பதில்லை.

பணம் கட்டும்போது துண்டுச் சீட்டு எஸ்டிமேட் வேண்டாம், ஜி.எஸ்.டி. பில்லே வாங்குங்கள். "பில் இல்லாம எடுத்தா குறையும்" என்பார்கள். பில் இல்லாத சரக்கில் ஷேடு மாறி வந்தால் வாதாட ஒன்றும் இருக்காது. இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கச் சட்டத்தில் இடமில்லை. சிங்கப்பூர், அமீரகம், அமெரிக்கா போன்ற நாடுகளின் மொபைல் எண்ணிலேயே வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்குகளில் யு.பி.ஐ. ஓடுகிறது, நாள் வரம்பைப் பார்த்து இரண்டு தவணையாக அனுப்பலாம். விலை பேச மட்டும் உள்ளூர் மச்சானையோ சித்தப்பாவையோ முன்னே அனுப்புங்கள். வெளிநாட்டுப் பார்ட்டி என்று தெரிந்தால் விலை ஏறுவதைவிட, விலை கூடின ரகத்தை மட்டுமே காட்டுவார்கள்.

மேஸ்திரி கூட்டிப்போகும் கடையில் அவருக்குக் கமிஷன் இருக்கும். அது ஊர் வழக்கம், அதற்காகச் சண்டை வேண்டாம்; அதே சரக்குக்கு இன்னொரு கடையில் விலை கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். மேஸ்திரியிடம் விட்டுக்கொடுக்கக் கூடாதவை இரண்டு. ஒன்று, விட்ரிஃபைட் கல்லை வெறும் சிமெண்ட் பாலில் ஒட்டுவது. தண்ணீர் குடிக்காத கல்லை சிமெண்ட் பிடிக்காது; ஒரு வருஷத்தில் தட்டினால் பொத்தென்று சத்தம் வரும். பழைய மொசைக் தரையின் மேலேயே ஒட்டுவதானால் அதற்கென்றே உள்ள அட்ஹெசிவ் பசைக்கலவை கட்டாயம். 3 மி.மீ. கனத்துக்கு 20 கிலோ மூட்டை 45 முதல் 50 சதுர அடி வரும். தரை அரை அங்குலம் ஏறும், கதவுகளின் அடியை இழைக்க ஆசாரிக்கும் சொல்லி வையுங்கள். இரண்டாவது, இடைவெளியே இல்லாமல் கல்லோடு கல் ஒட்டிப் போடுவது. "கோடே தெரியாது, சூப்பரா இருக்கும்" என்பார். மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையில் சித்திரை வெயிலுக்குக் கல் விரிய இடமில்லாமல் வரிசையாகக் கூரை மாதிரி எழும்பி நிற்கும். கல்லுக்குக் கல் நடுவில் வைக்கும் 2 மி.மீ. ஸ்பேசரை நீங்களே வாங்கிக் கையில் கொடுத்துவிடுங்கள். சுவரோரத்திலும் கொஞ்சம் இடைவெளி வேண்டும், ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும்.

செட்டிநாட்டுப் பக்கம் வீடு உள்ளவர்கள் ஆத்தங்குடிக் கல் கேட்பார்கள். அது சுட்ட கல் இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, பின்னால் சிமெண்ட், மணல் நிரப்பி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. பெரும்பாலும் சொல்லித்தான் செய்ய வேண்டும், ஆகவே ஊரிலிருக்கும் உறவினர் வழியாக டிக்கெட் போடும்போதே ஆர்டர் கொடுங்கள். கல்லுக்குக் கல் நிறம் கொஞ்சம் மாறும், அதைக் குறை சொல்லக் கூடாது. சாந்துக் கலவையில் பதிக்கத் தெரிந்த ஆளையும் அங்கேயே கேட்டுப் பிடியுங்கள். வேலை முடிந்து ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் இதற்கு ஆகவே ஆகாது, வண்ணம் போய்விடும்.

மிச்சப் பெட்டிகளைத் திரும்ப எடுப்பார்களா என்பதை வாங்கும்போதே பில்லில் எழுத வையுங்கள். நல்ல கடைகள் பிரிக்காத முழுப் பெட்டியை, பில்லோடு, சொன்ன நாளுக்குள் எடுத்துக்கொள்ளும்; போக்குவரத்துச் செலவு நம்முடையது. சில இடங்களில் பணம் தராமல் "அந்தத் தொகைக்கு வேற சரக்கு எடுத்துக்குங்க" என்பார்கள். ஃப்ளைட் ஏறப்போகிறவருக்கு அதனால் என்ன பயன்? பணமாகவா சரக்காகவா என்பதையும் அதே வரியில் எழுதச் சொல்லுங்கள்.