ட்ரெய்லருக்கு லித்தியம் பேட்டரி போடக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மெல்போர்னில் கேம்பிங் ட்ரெய்லருக்கு பேட்டரி, சோலார் போட ஆள் தேடிக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய பாக்ஸ் ட்ரெய்லர் ஒன்றை வாங்கி, படுக்கை, சமையல் மேடை எல்லாம் வைத்து கேம்பராக மாற்றினோம். மர வேலையை நாங்களே பார்த்துக்கொண்டோம். மின்சார வேலையை மட்டும் நகரின் மேற்குப் பக்கம் உள்ள ஒரு பட்டறையில் கொடுத்தோம். நடத்துகிறவர் தமிழர். "அண்ணா, உங்களுக்குச் செய்யறது என் வீட்டு வண்டிக்குச் செய்யற மாதிரி" என்று சொல்லி 6,800 டாலர் வாங்கிக்கொண்டார். வழக்கு நடப்பதால் பெயர் சொல்லவில்லை.

ரசீதில் இருந்தது இது: 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி (ஒரு ஆம்பியரை ஒரு மணி நேரம் கொடுத்தால் அது ஒரு ஆம்பியர்-அவர்), 40 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் (ஓடும் வண்டியின் கரண்ட்டை, பேட்டரிக்கு வேண்டிய வோல்டேஜுக்கு ஏற்றிக் கொடுப்பது), சோலார் பேனல், 2000 வாட் இன்வெர்ட்டர், வயரிங் முழுவதும்.

முதலில் போனது கிராம்பியன்ஸ் மலைப்பக்கம், ஹால்ஸ் கேப். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டிப் போகிற தூரம். வழியிலேயே பேட்டரிக்கு நல்ல சார்ஜ் ஏறியிருக்க வேண்டும். மறுநாள் இரவே ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. காலையில் திறந்தால் இட்லி மாவு புளித்துப் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் இருந்த பழங்கள் மேலெல்லாம் வழிந்திருக்கிறது. குழந்தைக்கு வைத்திருந்த பாலும் திரிந்துவிட்டது. பட்டறைக்குப் போன் செய்தால், "வெயில் கம்மியா இருந்திருக்கும்ணா, பேனலைத் துடைச்சுப் பாருங்க" என்றார். அடுத்த முறையும் அப்படியே ஆனபோது, "உங்க ஃபிரிட்ஜ்தான் கரண்ட்டை இழுக்குது, வேற வாங்கிடுங்க" என்றார்.

இது அப்பட்டமான பொய். எங்களுடையது போன்ற சின்ன 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 3, 4 ஆம்பியர் எடுக்கும். விட்டு விட்டுத்தான் ஓடும் என்பதால் ஒரு நாளைக்கு 30, 40 ஆம்பியர்-அவர் ஆகும். 200 ஆம்பியர்-அவர் உண்மையிலேயே இருந்தால் வெயிலே இல்லாமல் நாலு நாள் தாங்க வேண்டும்.

அதன் பிறகுதான் கட்டிலுக்கு அடியில் அவர் ஸ்க்ரூ போட்டு அடைத்திருந்த பிளைவுட் பலகையைக் கழற்றினேன். டிசி-டிசி சார்ஜரே இல்லை! அதன் இடத்தில் தீப்பெட்டி அளவு ரிலே ஒன்று. வண்டியின் வோல்டேஜ் ஏறினால் இணைத்துவிடும், இறங்கினால் துண்டித்துவிடும், அவ்வளவுதான் அதன் வேலை. ட்ரெய்லரை இழுக்கும் எங்கள் யூட்டில் (பின்னால் திறந்த தட்டுள்ள வண்டி) இருப்பது ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர், அதாவது என்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரித்து, தேவைக்கேற்ப வோல்டேஜை மாற்றிக்கொள்ளும் கருவி. டீசலை மிச்சம் பிடிக்க, வண்டி பேட்டரி நிறைந்ததும் அது வோல்டேஜை 13-க்கும் கீழே இறக்கிவிடும். லித்தியம் முழுதாக ஏற 14.2-க்கு மேல் வேண்டும். எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் அந்த ரிலே வழியாக அது கிடைக்காது. இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

பேட்டரியைத் தூக்கியதும் எனக்குச் சந்தேகம். சென்னை போகும்போது பெட்டி நிறுத்துப் பார்க்கிற கொக்கித் தராசில் மாட்டினேன். 14 கிலோ. 200 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி பொதுவாக 20 கிலோவுக்கு மேல் இருக்கும். லைசென்ஸ் உள்ள வேறொரு எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனோம். முழுதாக சார்ஜ் ஏற்றி, ஒரே அளவு லோடு கொடுத்து இறக்கிப் பார்த்தார். 112 ஆம்பியர்-அவரிலேயே அணைந்துவிட்டது. பேட்டரிக்கு உள்ளே அதைப் பாதுகாக்க இருக்கும் பிஎம்எஸ் என்ற சர்க்யூட் 100 ஆம்பியருக்கு மேல் விடாது. 2000 வாட் இன்வெர்ட்டரை முழு லோடில் ஓட்டினால் 160 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ட்ரெய்லரில் கெட்டில் போட்டதும் எல்லாம் அணைந்துபோகும். அதற்குக் காரணம் இதுதான்.

கேபிளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நம் ஆட்கள் ஏமாறுவது ரொம்ப சுலபம். "6 எம்எம் கேபிள்" என்று பட்டறைக்காரர் எழுதியிருந்தார். ஊரில் 6 ஸ்கொயர் எம்எம் என்று வாங்கிப் பழகிய நமக்கு அது செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு என்றுதான் தோன்றும். இங்கே ஆட்டோ கேபிளுக்குச் சொல்வது மேல் பிளாஸ்டிக்கையும் சேர்த்த விட்டம். 6 எம்எம் ஆட்டோ கேபிளில் செம்பு சுமார் 4.6 ஸ்கொயர் எம்எம்தான். வண்டியின் முன் பேட்டரியிலிருந்து, வண்டியையும் ட்ரெய்லரையும் இணைக்கும் ஆண்டர்சன் பிளக் வழியாக ட்ரெய்லர் வரை போக 9 மீட்டர், திரும்பி வர 9 மீட்டர். அதில் 28 ஆம்பியர் ஓடினாலே ஏறக்குறைய 2 வோல்ட் வழியிலேயே போய்விடும்.

இதையெல்லாம் பண நஷ்டம் என்று விட்டுவிடலாம். விட முடியாதது, பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் ஃப்யூஸே இல்லாதது. கேபிள் முனையில் மாட்டும் லக்கைச் சரியான கருவியால் அழுத்தாமல் பிளையரால் நசுக்கி, மேலே சிவப்பு டேப் சுற்றியிருந்தார். டேப்பைப் பிரித்தால் உள்ளே பிளாஸ்டிக் பழுப்பாகி இளகியிருந்தது. அதற்கு நேர் மேலேதான் குழந்தைகள் படுத்தார்கள். மனிதர்கள் இருக்கும் பகுதியில் லித்தியம் பேட்டரி வைத்தால், அந்தப் பெட்டி உள்பக்கம் முழுதாக அடைத்து, வெளியே காற்றுப் போக வழியோடு இருக்க வேண்டும் என்கிறது 2022-ல் வந்த ஏஎஸ்/என்இசட்எஸ் 3001.2 என்ற ஆஸ்திரேலிய-நியூசிலாந்து தரநிலை. இங்கே வெறும் பிளைவுட்.

வேலை கொடுக்கிறவர்கள் பலகை அடைப்பதற்கு முன்பே நேரில் போய்ப் பார்த்து, எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். கேபிள் எத்தனை ஸ்கொயர் எம்எம், ஃப்யூஸ் எங்கே, பிஎம்எஸ் எத்தனை ஆம்பியர், சார்ஜர் என்ன மாடல் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். பாக்கிப் பணம் அதற்கு அப்புறம். 240 வோல்ட் வேலை இருந்தால் எலக்ட்ரீஷியனின் லைசென்ஸ் நம்பரைக் கேளுங்கள். தயங்கினார் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

"வாரண்டி ஆறு மாசம்தான்ணா, முடிஞ்சு போச்சு" என்றார் பட்டறைக்காரர். ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி கடைக்காரர் சொல்லும் வாரண்டி முடிந்தாலும் நம் உரிமை முடிவதில்லை. பெரிய குறை என்றால் பணத்தைத் திரும்பக் கேட்பதா, மாற்றிக் கேட்பதா என்பது வாங்கியவர் கையில். போட்டோக்கள், எலக்ட்ரீஷியனின் அறிக்கை, வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றோடும் விக்டோரிய தீர்ப்பாயமான விகேட்டில் மனு கொடுத்திருக்கிறேன்.

மேற்குப் பக்கம் இப்படிப் பலகை அடைத்துக் கொடுத்த யாரிடமாவது வேலை கொடுத்திருந்தால், இன்றைக்கே ஸ்க்ரூவைக் கழற்றி பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்தில் ஃப்யூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுங்கள். குழந்தைகளை அதன் மேல் தூங்க வைக்காதீர்கள்.