பழைய என்ஃபீல்டு துப்பாக்கி: பழுது பார்ப்பதா, பாகத்தை மாற்றுவதா?

வாய்வழி கெட்டிக்கும் பழைய துப்பாக்கி ஒன்று கைக்கு வந்தால் முதல் வேலை துடைப்பது அல்ல. கெட்டிக்கும் கோலைக் குழலுக்குள் விட்டு, அது எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்க்க வேண்டும். வாயருகே கோலில் விரல் வைத்துப் பிடித்து, அப்படியே வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்தால், கோலின் நுனி கிட்டத்தட்ட நிப்பிள் (தட்டினால் வெடிக்கும் சிறு தொப்பியான கேப்பு உட்காரும் குட்டிக் குழாய்) இருக்கும் இடம் வரை வர வேண்டும். இரண்டு மூன்று அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டதா? அழுக்கு அடைப்பாக இருக்கலாம். ஆனால் என்றோ கெட்டித்த மருந்தும் குண்டும் இன்னும் உள்ளேயே இருக்கின்றன என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஈரம் படாத கரிமருந்து நூறு வருடம் கழித்தும் வெடிக்கும். விஷயம் தெரிந்தவர் வந்து அதை எடுக்கும் வரை வேறு எந்தப் பேச்சும் வேண்டாம்.

சரி, குழல் காலி என்று தெரிந்துவிட்டது. அடுத்த கேள்வி, உடைந்ததைச் சரிசெய்வதா, அதே காலத்துப் பழைய பாகம் தேடுவதா, இன்று செய்து விற்கும் நகல் பாகம் போடுவதா என்பது. பொதுவாகப் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் ஒரே ஒரு துப்பாக்கியை வைத்துப் பார்க்கிறேன். 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு: .577 அங்குல வாய், 39 அங்குலக் குழல், குண்டைச் சுழற்றித் தொலைவுக்கு நேராக அனுப்ப, உள்ளே மெதுவாகச் சுழன்று போகும் மூன்று பள்ளங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் லட்சக்கணக்கில் வாங்கியது இதைத்தான். நம் ஊர்ப் பாடப்புத்தகங்களில் 1857 கொழுப்புத் தோட்டா விவகாரத்தில் வருவதும் இதேதான்.

இதில் பாகம் மாற்றலாமா என்று கேட்டால், முதலில் அது எங்கே செய்தது என்று பார்க்கச் சொல்வேன். லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த அரசுத் தொழிற்சாலை, 1850களின் பிற்பகுதியில் அமெரிக்க இயந்திரங்களை வைத்து வேலை செய்யத் தொடங்கியது. அங்கே செய்த துப்பாக்கிகளில் ஒன்றின் பாகம் இன்னொன்றில் உட்காரும். லண்டன் ஆர்மரி கம்பெனி செய்ததும் அப்படியே. ஆனால் பர்மிங்காம் பட்டறைகளில் செய்தவை, பெரும்பாலும் லாக் (கேப்பை அடிக்கும் குதிரை, ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்த சுடும் பொறி) தகட்டில் ‘டவர்’ என்று பொறித்திருப்பவை, கையால் அரம் போட்டு ஒன்றுக்கொன்று பொருத்தியவை. வெளியே பார்க்க அச்சு அசலாக ஒன்றே போல இருக்கும். ஒன்றின் திருகு அடுத்ததில் ஏறாது. அமெரிக்காவுக்குப் போனவற்றில் பெரும்பகுதி இந்தப் பட்டறைச் சரக்குதான். ஆகவே தகட்டில் இருக்கும் எழுத்தைப் படிக்காமல் பாகம் வாங்குகிறவர், அரம் போடும் வேலையையும் சேர்த்தே வாங்குகிறார்.

நிப்பிளைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடலாம். அது தேய்வதற்கென்றே செய்த பாகம். கழற்றுவதுதான் பாடு. துருவோடு இறுகியிருந்தால் எண்ணெய் விட்டு நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் திருகினால் மேல்பகுதி முறிந்து, மரை உள்ளேயே தங்கிவிடும். இன்னொன்று, புது நிப்பிளின் மரை பழையதைப் போலவே இருக்கும் என்று நம்பக் கூடாது. இத்தாலிய நகல்களுக்கான நிப்பிள் அசலில் முதல் இரண்டு சுற்று ஏறுவது போலக் காட்டி, மரையைச் சிதைத்துவிடும்.

லாக்கின் பெரிய ஸ்பிரிங் உடைந்தால் பற்றவைப்பதில் அர்த்தம் இல்லை. வளைவில்தான் உடையும், பற்றவைத்த சூட்டில் அந்த இடத்தின் பதம் போய்விடும். அரசுத் தொழிற்சாலைத் துப்பாக்கி என்றால் பழைய ஸ்பிரிங் கிடைப்பது அதிர்ஷ்டம், கிடைத்தால் நேராகப் போடலாம். பட்டறைத் துப்பாக்கி என்றால் ஸ்பிரிங் எஃகில் புதிதாக அடித்துப் பதம் போட்டுக் கொடுக்கும் ஆளிடம் போவதே நல்லது. வார்ப்பில் செய்த மலிவு நகல் ஸ்பிரிங் எனக்குப் பிடிக்காது. குதிரையைத் தூக்கும்போதே அதன் மந்தம் தெரியும்.

குதிரையோடு சேர்ந்து சுழலும் உள் பாகத்துக்கு டம்ளர் என்று பெயர் (காபி டம்ளருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை). குதிரை பாதித் தூக்கில் நிற்பதற்கு இதில் ஒரு வெட்டு உண்டு. இந்தத் துப்பாக்கிக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு அதுதான். அந்த வெட்டின் உதடு உடைந்திருந்தால் பழுது பார்க்கும் யோசனையே எனக்கு ஒப்பாது. சுடப்போகிற துப்பாக்கி என்றால் முழு டம்ளரையும் மாற்ற வேண்டும், அதையும் தேர்ந்த துப்பாக்கிக் கம்மியர் கையால். சுவரில் மாட்டப்போகிறது என்றால் அப்படியே விட்டுவிடலாம்.

கட்டைக்கு வருகிறேன். என் வாதமெல்லாம் இங்கேதான். வால்நட் மரக் கட்டை பெரும்பாலும் விரிசல் விடுவது கைப்பிடிக் கழுத்தில், அதாவது லாக்குக்குப் பின்னால் மரம் மெலியும் இடத்தில். நகல் கட்டை வாங்கிப் போட்டால் வேலை சுலபம், பலமும் உறுதி. ஆனால் ஆய்வாளர் முத்திரைகள், படைப்பிரிவு எண், தோளும் கன்னமும் பட்டுக் கறுத்த பகுதி எல்லாம் பழைய கட்டையோடு போய்விடும். மிஞ்சுவது பழைய இரும்பு மாட்டிய புதுத் துப்பாக்கி.

ஒட்டுவது என்றால் எபாக்சியா, வஜ்ஜிரமா (விலங்குத் தோல் காய்ச்சிய பழைய பசை)? எபாக்சி பலமானது, பின்னுதைப்பைத் தாங்கும். வஜ்ஜிரம் ஈரமும் சூடும் பட்டால் இளகும். அதுதான் அதன் குறை, அதுவே அதன் பெருமையும். ஐம்பது வருடம் கழித்து இன்னும் நன்றாகச் செய்யத் தெரிந்தவர் பிரித்துச் செய்யலாம். சுடுவதற்கு எபாக்சி, வைத்துப் பார்க்க வஜ்ஜிரம் என்பது என் கணக்கு. இரண்டுமே எண்ணெய் ஊறிய மரத்தில் ஒட்டாது. லாக்குக்கு விட்ட எண்ணெயெல்லாம் ஒன்றரை நூற்றாண்டாக இறங்கித் தங்கியிருப்பது அந்தக் கழுத்தில்தான். அசிட்டோனில் சுண்ணக்கட்டித் தூளைக் குழைத்து விரிசல் மேல் அப்பிக் காயவிட்டால், வெள்ளைப் பூச்சு தேன் நிறமாகும். உதிர்த்துவிட்டு மறுபடி அப்ப வேண்டும். பூச்சு வெள்ளையாகவே காயும் வரை பசை டப்பாவைத் திறக்கக் கூடாது. (நெருப்பு பக்கத்தில் வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும்.) நண்பர் வீட்டு மேசையில் ஒரு கட்டையைப் பார்த்தேன். முன்பு யாரோ விரிசலில் கார் பட்டி அடைத்து, மேலே வார்னிஷ் பூசியிருந்தார்கள். விரிசலைச் சரிசெய்ய ஆன நேரத்தைவிட அந்தப் பட்டியைச் சுரண்ட ஆன நேரம் அதிகம்.

குழல்தான் கடைசி. கேப்பு வெடித்தால் உப்பு மிஞ்சும், கரிமருந்தின் கசடு ஈரத்தை இழுக்கும். இரண்டும் சேர்ந்து அடிப்பக்கத்தை அரித்திருக்கும். அரிப்பு லேசாக இருந்தால் ஈயக் கட்டையும் தேய்ப்புப் பொடியும் வைத்துத் தீட்டினால் போதும். மோசமாக இருந்தால் உள்ளே கடைந்து, பள்ளம் வெட்டிய புது எஃகுக் குழாயைச் செருகுவார்கள். வெளித்தோற்றம் மாறாது, குறியும் துல்லியமாகும். இங்கிலாந்தில் இப்படிக் கடைந்த குழல் மறுபடி சோதனைக்குப் போக வேண்டும். பர்மிங்காம் சோதனைக் கூடம் 1813இலிருந்து அதற்காகவே இருக்கிறது. பழைய அமெரிக்க நீள் துப்பாக்கிக்காரர்கள் செய்தது வேறு. பள்ளம் தேயத் தேய அதையே ஆழமாக வெட்டி, குண்டு அச்சைப் பெரிதாக்கிக்கொண்டார்கள்.

குழாய் செருகுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 1857க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென்று செய்த 1858 மாதிரியில் பள்ளமே கிடையாது. வாயை .656 அங்குலத்துக்கு அகலப்படுத்தி வழவழப்பாக்கிவிட்டார்கள். சிப்பாய்களை நம்பாமல், தூரம் சுட முடியாத துப்பாக்கியாக இருக்கட்டும் என்று. அதைப் பள்ளம் தேய்ந்த 1853 என்று நினைத்து ‘சரி’செய்தால், அந்த அவநம்பிக்கைக்கு இருக்கும் இரும்புச் சாட்சியையே அழித்தது ஆகும்.

இந்தியாவில் இருப்பவருக்கு இந்த ஒப்பீடு இன்னொரு விதமாகவும் முடியும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு பழமையான ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாது என்ற நிலையில் இருப்பவற்றுக்கு மட்டும். உரிமம் இல்லாமல் துப்பாக்கியைப் பழுது பார்ப்பதை 5ஆம் பிரிவு தடுக்கிறது. பரணில் தாத்தாவின் துப்பாக்கி கிடைத்தவர், கம்மியரைத் தேடும் முன் வக்கீலைத்தான் தேட வேண்டும்.