ரீகர்வா, லாங்போவா: பந்தலூர் மழையில் இரண்டு வேட்டை வில்கள்

"வேட்டை வில் வாங்கியிருக்கியாமே, என்னத்த வேட்டையாடுற?" என்று கேட்காத ஆள் எங்கள் எருமாடு (நீலகிரி மாவட்டம், பந்தலூர்ப் பக்கம்) கடைவீதியில் இல்லை. சாக்கு மூட்டையைத்தான் என்றால் சிரிக்கிறார்கள். உண்மை அதுதான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்போது, வில்லோடு முதுமலைப் பக்கம் போனால் அடுத்து போவது ஜெயிலுக்கு. காட்டுப்பன்றித் தொல்லைக்காகக் கேரள அரசு 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்குச் சுட உத்தரவிடும் அதிகாரம் கொடுத்தது. அதுவும் உரிமம் வைத்திருக்கும் துப்பாக்கிக்காரர்களை வைத்துத்தான். வில்லுக்கு அங்கேயும் வேலையில்லை.

ஆகவே இது, வேட்டைக்கென்றே செய்த இரண்டு வில்களை வேட்டையாடாத இரண்டு பேர் சில வருஷம் வைத்துப் பழகிப் பார்த்த கணக்கு. ஒருவன் நான். இன்னொருவர் எல்லைக்கு அந்தப் பக்கம், வயநாட்டுச் சுல்தான் பத்தேரியில் வாத்தியாராக இருக்கும் நண்பர், பாலக்காட்டுச் சித்தூர்த் தமிழர். கேரளத்தில் வாத்தியார் என்றால் மாஷ், நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். ஆளுக்கு ஒரு வில்லுக்குப் பணம் போட்டோம். மழைக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்வது, நன்றாகப் பழகிய பிறகு யாருக்கு எது என்று தீர்ப்பது என்பது பேச்சு.

இரண்டும் அமெரிக்காவில் இரண்டு வில் தச்சர்கள் ஆர்டரின் பேரில் கையால் செய்தவை. ஒன்று ரீகர்வ்: 62 அங்குலம், முனைகள் முன்பக்கமாக வளைந்தது, மூன்று துண்டாகக் கழற்றலாம். மற்றது லாங்போ: 66 அங்குலம், ஒரே துண்டு, உள்ளே மூங்கில் பட்டைகள், மேலும் கீழும் கண்ணாடியிழை. இரண்டின் மேலும் 28 அங்குல இழுப்பில் 45 பவுண்டு என்று எழுதியிருக்கிறது, அதாவது நாணை அந்த அளவுக்கு இழுக்க வேண்டிய விசை. ரீகர்வ் 900 டாலரை ஒட்டி வந்தது, லாங்போ 650. கூரியரும் சுங்க வரியும் தனி. கைப்பிடிக்கு ரோஸ்வுட், அதாவது ஈட்டி வகை மரம், வேண்டுமா என்று ரீகர்வ் தச்சர் கேட்டார். அந்த மர இனம் முழுவதையும் 2017-ல் சைட்டீஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் சேர்த்துவிட்டதால் எல்லை தாண்டும்போது காகிதம் கேட்கலாம் என்றும் சொன்னார். ஈட்டி மரம் நிற்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு ஈட்டிக்குக் காகிதத்துக்கு அலைவானேன் என்று வால்நட்டில் நிறுத்திக்கொண்டேன்.

ஆர்டர் கொடுக்கும்போது மரம், நிறம், வெனீர் என்று ஆசை காட்டும் கேள்விகள் நிறைய வரும். அவற்றில் முக்கியமானது ஒன்றே ஒன்று: உங்கள் இழுப்பு நீளம் எவ்வளவு? எனக்கு 26½ அங்குலம், மாஷுக்கு 27. வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு 28 அங்குலத்துக்கான கணக்கு. ஒவ்வொரு அங்குலம் குறையும்போதும் ஏறத்தாழ இரண்டரை, மூன்று பவுண்டு குறையும். ஆக, 45 என்று எழுதிய வில் என் கையில் 41 தான். நம்மவர்களில் பலருக்கு 28 எட்டாது. அதைச் சொல்லாமல் வாங்கினால் அடுத்தவர் கைக்குத் தைத்த சட்டைதான்.

பவுண்டைப் பற்றி இன்னொன்று. அமெரிக்காவில் பல மாநிலங்களில் மான் வேட்டைக்குக் குறைந்தது 35, 40 பவுண்டு இழுவிசை இருக்க வேண்டும் என்று விதி. அதனால் அங்குள்ள தச்சர்கள் 45, 50 என்றே பேச்சை ஆரம்பிக்கிறார்கள். சாக்கு மூட்டைக்கு அந்த விதி கிடையாது. வேகத்தையும் துளைக்கும் பலத்தையும் புகழ்ந்து எழுதுவதையெல்லாம் நாம் பாதி விலைக்குத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பதிலுக்கு அவர்கள் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகும் ஈரம், வெயில், பழுது மூன்றும் நமக்குத் தலையாய விஷயங்கள்.

சரி, எய்யும்போது எப்படி? ரீகர்வ் கையில் நிற்கிறது. அதன் கைப்பிடித் துண்டு, ரைசர் என்பார்கள், கனமானது. அம்பு போன பிறகும் கை அப்படியே இருக்கும். இருபது மீட்டரில் ஒரே குறிக்கு எய்தால் லாங்போ அம்பைவிட ஒரு சாண் மேலே போய்த் தைக்கும், வேகம் அவ்வளவு கூடுதல். ஆனால் சத்தம். நாண் திரும்பி வந்து வளைந்த முனையின் மேல் அடிக்கும்போது 'டப்' என்று கேட்கும். நாண் சத்தம் கேட்டதும் மான் குனிந்துவிடும் என்பதால் வேட்டைக்காரர்கள் இதற்குப் பெரிய கவலைப்படுகிறார்கள். என் கவலை பக்கத்து லயத்து நாய்கள். பழைய ஊட்டி சுவெட்டரைப் பிரித்து, கம்பளி நூலைக் குஞ்சமாக நாணின் இரண்டு பக்கமும் கட்டினேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. மழையில் அந்தக் குஞ்சம் தண்ணீர் குடித்து முகத்தில் தெளிக்கும், அது வேறு விஷயம்.

லாங்போ எடையில் ரீகர்வின் பாதிகூட இருக்காது. ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு தேயிலைச் சரிவில் எவ்வளவு நேரமும் நடக்கலாம். ஆனால் அம்பை விட்டதும் ஒரு அதிர்வு மணிக்கட்டில் இறங்கும். முதலில் அதை வில்லின் குணம் என்றே விட்டுவிட்டோம். மாஷ்தான் அம்பின் எடையில் கை வைத்தார். ஒரு பவுண்டு இழுவிசைக்கு 8 முதல் 10 கிரெயின் எடை அம்பு என்பது பொதுக் கணக்கு. எங்கள் அம்புகள் 370 கிரெயின், அதாவது 24 கிராம். கனமான முனை போட்டு 28 கிராம் ஆக்கியதும் அதிர்வு பெருமளவு அடங்கியது. அம்பு கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் தாழ்வாகப் போகிறது. போகட்டும், மூட்டை ஓடிவிடப் போவதில்லை.

ஒரே அம்பு இரண்டு வில்லுக்கும் ஒத்துவரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரீகர்வில் அம்பு உட்காரும் இடம் வில்லின் நடுக்கோடு வரை வெட்டியிருக்கிறது. லாங்போவில் அதற்கு முன்பே நின்றுவிடுகிறது. அங்கே அம்பு கைப்பிடியைச் சுற்றி வளைந்து போக வேண்டியிருப்பதால் இன்னும் வளையக்கூடிய தண்டு தேவை. இரண்டு வில் வைத்துக்கொண்டால் இரண்டு கட்டு அம்பு. பட்ஜெட் போடுகிறவர்கள் கவனிக்க.

எங்கள் வட்டாரத்தில் வெளிநாட்டு வில்லைக் காட்டி யாரையும் அசத்த முடியாது. பத்தேரியிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் பனமரத்தில்தான் 1802-ல் பழசி ராஜாவின் ஆட்களான எடச்சேன குங்கனும் தலக்கல் சந்துவும் வில்லுக்குப் பேர்போன குறிச்சியர் பழங்குடியினரைத் திரட்டிக்கொண்டு கம்பெனிப் படை முகாமைத் தாக்கினார்கள். எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் முள்ளுக்குறும்பர் பழங்குடிப் பெரியவர் ஒருவர் சின்ன வயதிலிருந்தே மூங்கில் வில் பழகியவர். ஒரு சாயங்காலம் இரண்டையும் அவர் கையில் கொடுத்தேன். ரீகர்வைத் தூக்கிப் பார்த்து, "கனம்" என்று திருப்பித் தந்துவிட்டார். லாங்போவை வாங்கி, நாங்கள் செய்வதுபோல் கன்னம் வரை இழுக்காமல் நெஞ்சுக்கே இழுத்து எய்தார். அம்பு மூட்டையின் நடுவில். அப்புறம் கண்ணாடியிழையை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மோனே, இது நனைஞ்சா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதுன்னு எழுதியிருக்காங்க, சேட்டா."

"எழுதினவன் இங்கயா இருக்கான்?"

கேள்வி நியாயமானது. பந்தலூர் தாலுகாவில் இருக்கும் தேவாலாவைத் தென்னகத்துச் சிரபுஞ்சி என்பார்கள். ஜூனில் பிடித்தால் துணி காய ஆகஸ்ட் முடிய வேண்டும். அந்த மழையில் வில்லின் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, இரண்டுக்குமே. வார்னிஷும் கண்ணாடியிழையும் தாங்குகின்றன. கெட்டது ஒட்டுச் சாமான்கள்தான். லாங்போவின் கைப்பிடியில் சுற்றிய தோலில் ஜூலையிலேயே சாம்பல் நிறத்தில் பூஞ்சை பூத்தது. துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினேன், அதன் மேலும் பூத்தது. மெழுகு ஓரளவு கேட்கிறது. ரீகர்வில் தோல் கிடையாது, மரம்தான். ஆனால் லிம்ப்களை, அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் இரண்டு பாகங்களை, இறுக்கும் இரண்டு போல்ட்டுகளின் மரைக்குள் ஈரம் புகுந்து துரு கட்டியது. எய்யும்போது 'க்ளிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டால், அது போல்ட் தளர்ந்ததற்கு அடையாளம். மழைக்கு முன்னால் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை கழற்றி கிரீஸ் வைத்தால் போதும்.

அம்பின் இறகுகள் வான்கோழி இறகு. நனைந்தால் படுத்துவிடும். அடுப்பில் கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் மெதுவாகச் சுழற்றிக் காட்டினால் திரும்ப நிமிர்ந்துகொள்ளும். பிளாஸ்டிக் இறகுக்கு மாறலாமே என்றால், அம்பு வில்லின் மேலேயே உட்காரும் இந்த வகைகளில் அது உரசி அம்பைத் தள்ளிவிடும். வில்லை மூலையில் சாத்தி வைக்கக் கூடாது. இரண்டு ஆணி அடித்துப் படுக்கை வாட்டில் மாட்டுங்கள். நாணைக் கழற்றி வைப்பது என் பழக்கம். நாண் ஏற்றும்போது அதற்கென்று இருக்கும் கயிற்றைப் பயன்படுத்துங்கள், குறிப்பாக ரீகர்வுக்கு. காலை நடுவில் விட்டு வளைத்தால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும். லாங்போ இந்த விஷயத்தில் பொறுமைசாலி.

மழையைவிட எனக்குப் பயம் வெயில்தான். பட்டைகளை ஒட்டியிருப்பது பசை, மூடிய காருக்குள் ஏறும் சூட்டில் அது இளகினால் வில் பிரிந்துவிடும். ஏப்ரலில் மாஷ் சித்தூருக்குப் போகும்போது வில் டிக்கியில் போவதில்லை. பின்சீட்டில் போகிறது, அவர் டீ குடிக்க இறங்கினால் அதுவும் இறங்குகிறது.

எல்லை தாண்டுவது தனிக் கூத்து. கழற்றிய ரீகர்வ் ஒரு தோள்பைக்குள் அடங்கும், பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. லாங்போ ஐந்தரை அடி பி.வி.சி. குழாய்க்குள் ஸ்கூட்டரின் பக்கவாட்டில் கட்டி வரும். எல்லைச் சாவடியில் மழைக்கோட்டு போட்ட காவலர் ஒருவர், "பிளம்பிங்கா?" என்றார். வில் என்றேன். பிரிக்கச் சொன்னார். வில்லை விட்டுவிட்டு அம்பு முனைகளைத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் பயிற்சிக்கான கூம்பு முனை. பிளேடு வைத்த வேட்டை முனை ஒன்றுகூட நாங்கள் வைத்துக்கொள்வதில்லை, வில் வாங்கிய நாளிலிருந்தே இது கட்டாயம். ஒன்று இருந்திருந்தால் அன்றைக்குப் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும்.

என் தீர்ப்பைத் திருப்பியது பழுதுதான். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்திட்டில் ஒருநாள் வழுக்கியதில் ரீகர்வின் கீழ் லிம்ப் செங்கல் பாறையில் இடித்து, ஓரத்தில் கண்ணாடியிழை மெல்லிய சிம்பாகக் கிளம்பியது. மணல்தாள் போட்டுத் தேய்த்து, தண்ணீர்போல் ஓடும் சூப்பர் குளூவை ஊற்றி அடைத்தேன், இன்றுவரை தாங்குகிறது. ஆனால் நாளைக்கு அது பெரிதானால் லிம்ப் மட்டும் வரவழைத்தால் போதும். இதே அடி லாங்போவில் ஆழமாகப் பட்டால் முழு வில்லும் அமெரிக்கா போய்த் திரும்ப வேண்டும். அந்தச் செலவுக்கு இன்னொரு வில்லுக்கு முன்பணமே கட்டிவிடலாம். இங்கே கண்ணாடியிழை வில்லைப் பிரித்து ஒட்டத் தெரிந்த கை எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாவது காரணம் என் தோள்பட்டை. 41 பவுண்டு ஆரம்பத்தில் சுகமாக இருந்தது. மழை மாதங்களில் பயிற்சி விட்டுப்போய், செப்டம்பரில் திரும்ப எடுத்தால் பத்து அம்புக்குள் தோள் முனகுகிறது. யானை இறங்கும் நேரத்துக்கு முன்னால் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்பதால் எனக்குக் கிடைப்பதே சாயங்காலம் ஒரு மணி நேரம். அதை வலியோடு கழிப்பானேன்? அதே ரைசருக்கு 38 பவுண்டு லிம்ப் ஒரு ஜோடி வாங்கினேன். என் இழுப்பில் அது 34, 35 தான் வரும். அம்புகள் இப்போதுதான் நான் நினைத்த இடத்துக்குப் போகின்றன. ஒரே துண்டான லாங்போவில் இந்த வழி கிடையாது. வாங்கிய பவுண்டு வாங்கியதுதான்.

அதனால் ரீகர்வ் எனக்கு, லாங்போ மாஷுக்கு. அவருக்கும் மனக்குறை இல்லை. மர அம்பு செய்து எய்ய வேண்டும் என்பது அவர் ஆசை, அதற்கு அந்த வில் நன்றாகப் பொருந்தும். தோளும் நன்றாக இருக்கிறது. அவர் இடத்தில் இருப்பவர்கள், அதாவது ஈரம் அவ்வளவாக ஏறாத வீடு, சொந்தக் கார், தினமும் எய்ய நேரம் என்று உள்ளவர்கள், தயங்காமல் லாங்போ வாங்கலாம். இரண்டில் எய்ய அழகான வில் அதுதான். முதல் தடவை வாங்குகிறவர்கள், தனியாகக் காசு போடுகிறவர்கள், மேற்குச் சரிவு மழையில் இருப்பவர்கள் கழற்றக்கூடிய ரீகர்வை எடுங்கள். பவுண்டை 40-க்குக் கீழே சொல்லுங்கள். தச்சர் "வேட்டைக்குப் போதாதே" என்று எழுதினால், போதாமலே இருக்கட்டும் என்று பதில் போடுங்கள்.

லாங்போவைக் கொடுக்கும்போது பூஞ்சை பிடித்த தோலைக் கழற்றிவிட்டு, தடித்த பருத்தி நூலை இறுக்கிச் சுற்றி, மேலே வார்னிஷ் பூசிக் கொடுத்தேன். பிடி கொஞ்சம் தடிமனாகிவிட்டது என்று மாஷ் முணுமுணுக்கிறார். அடுத்த ஜூலையில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.