தைராய்டு ஆபரேஷன்: வெறும் கண்ணா, லூப்பா, மைக்ரோஸ்கோப்பா?

கடலூரிலிருந்து கழுத்துக் கட்டியோடு புதுச்சேரிக்கு பஸ் ஏறி வருகிறவர்கள் முதலில் கேட்பது, "தழும்பு தெரியுமா சார்?" தியேட்டரில் கத்தரி எடுத்துக் கொடுக்கும் எனக்குக் கவலை வேறு: குரலும் கால்சியமும்.

குரல் நாணை அசைக்கும் நரம்பு தைராய்டின் முதுகை ஒட்டியே ஏறுகிறது. தடிமன் சுமார் 2 மி.மீ.தான். மேல்முனையில் இன்னொரு கிளை, அதைவிட மெல்லியது. அது அடிபட்டால் பேச்சு வரும், பாட்டில் மேல் ஸ்தாயி எட்டாது. ரத்தத்தில் கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் பெரும்பாலோருக்கு நான்கு. ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவு, பழுப்பு கலந்த மஞ்சள். பக்கத்துக் கொழுப்பும் கிட்டத்தட்ட அதே நிறம்தான், தொல்லையே அதுதான். ஒருமுறை சந்தேகத் துணுக்கு ஒன்றை சலைனில் போட்டோம். மிதந்தது. கொழுப்பு! மூழ்கியிருந்தால் அது பாராதைராய்டு, எல்லோர் முகமும் மாறியிருக்கும்.

வெறும் கண்ணை மட்டமாக நினைக்க வேண்டாம். 1909-ல் நோபல் வாங்கிய தியோடர் கோகர், ரத்தம் சிந்தாமல் நிதானமாகப் பிரித்தெடுத்தே இந்த ஆபரேஷனில் சாவைப் பெருமளவு குறைத்தார். ஆனால் பாராதைராய்டுக்கு ரத்தம் கொண்டுவரும் நூலிழைக் குழாய் வெறும் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. சுரப்பியை விட்டுவைத்துக் குழாயை அறுத்தால் என்ன பயன்?

லூப் என்பது மூக்குக் கண்ணாடியில் பொருத்திய லென்ஸ். 2.5 மடங்கே அந்தக் குழாயைக் காட்டிவிடும். தலை திரும்பும் பக்கம் பார்வையும் திரும்பும். 4 மடங்கைத் தாண்டினால் பார்வைப் பரப்பு சுருங்கும், எடை கூடும், டாக்டருக்குக் கழுத்து வலிக்கும். அவரவர் கண் இடைவெளிக்கு அளவெடுத்துச் செய்வதால் இரவல் வாங்கவும் முடியாது.

மைக்ரோஸ்கோப்பில் உருப்பெருக்கம் இன்னும் அதிகம், வெளிச்சம் குழிக்குள் நேராக விழும், படிக்கிற பிள்ளைகள் திரையில் பார்க்கலாம். சரி, இடைஞ்சல்? தைராய்டை ஒவ்வொரு முறை புரட்டும்போதும் கோணம் மாறும், மறுபடி ஃபோகஸ். மைக்ரோஸ்கோப்புக்குக் கிருமி நீக்கிய உறை மாட்டவே நேரம் போகும். ஏற்கெனவே அறுத்துத் தழும்பேறிய கழுத்துக்கு அதைக் கேட்பேன். முதல் ஆபரேஷனுக்கு என் ஓட்டு லூப்புக்கே.

இரண்டிலும் தெரியாதது ஒன்று உண்டு. இழுபட்ட நரம்பு முழுசாகத்தான் தெரியும், வேலை செய்யாது. அதற்கு நரம்பு மானிட்டர் வேண்டும். நரம்பில் அதன் முனையை வைத்தால் பீப் வரும். வராவிட்டால், தைராய்டின் மறுபக்கத்தை அன்றே தொடலாமா என்று டாக்டர் ஒரு நிமிடம் நின்று யோசிப்பார்.