தூக்க முடியுமா, முடிந்துவிட்டதா, யார் பக்கம்? மூன்று ரெசில்மேனியா ஆட்டங்கள்

1987 மார்ச் 29. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பான்டியாக் சில்வர்டோம் மைதானத்தில், ரெஸ்லிங்கின் வருடாந்திரப் பெருவிழாவான ரெசில்மேனியா 3. அன்று 93,173 பேர் வந்தார்கள் என்று அதை நடத்திய நிறுவனமான டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) அறிவித்தது. அது கூட்டிச் சொன்ன கணக்கு என்று வாதாடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எண்ணிக்கை எப்படியோ போகட்டும். ரெஸ்லிங் ரசிகர்கள் இன்றுவரை முடிக்காத ஒரு வாக்குவாதம் அந்த நாளில்தான் தொடங்கியது. அன்றைய சிறந்த ஆட்டம் எது? ஹல்க் ஹோகனும் ஆந்த்ரே தி ஜெயன்ட்டும் மோதியதா? இல்லை, ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் மோதியதா?

ஒப்பிடுவதற்கு இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது. ஒரே ரிங், ஒரே கூட்டம், வர்ணனைக்கு அதே கொரில்லா மன்சூன், ஜெஸ்ஸி வெஞ்சுரா. நேரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை: ஒன்று 12 நிமிடம், மற்றது 14 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ஆகவே ஒன்று நம்மை ஒரு விதமாகவும் மற்றது வேறு விதமாகவும் ஆட்டிவைத்தால், காரணம் ஆட்டத்துக்குள்ளேதான் இருக்க வேண்டும்.

"எல்லாம் பேசிவைத்து ஆடுவதுதானே, இதில் என்ன பரபரப்பு?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். தெருக்கூத்தில் பதினெட்டாம் போர் நடக்கும்போது துரியோதனன் விழப்போவது ஊருக்கே தெரியும். இருந்தும் விடியவிடிய உட்கார்ந்திருக்கிறோம். முடிவு யாருக்கோ முன்பே தெரியும் என்பதால் பரபரப்பு குறைவதில்லை. பார்க்கிறவன் மனதில் ஒரு கேள்வியை நட்டு, பதிலை எவ்வளவு நேரம், எப்படித் தள்ளிப்போடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த அலசலும் அந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான்.

ஹோகன் – ஆந்த்ரே: ஒரே கேள்வி

இந்த ஆட்டத்தில் கேட்கப்படுவது ஒன்றே ஒன்று. ஏழடி நாலங்குலம், 520 பவுண்டு என்று அறிவிக்கப்பட்ட இந்த மனிதரைத் தூக்க முடியுமா?

ஆந்த்ரேயைப் பதினைந்து வருஷமாக யாரும் தோற்கடித்ததில்லை, யாரும் தூக்கிப் போட்டதில்லை என்று விளம்பரம் செய்தார்கள். அது உண்மையில்லை. 1980இல் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் இதே ஹோகனே ஆந்த்ரேயைத் தூக்கிப் போட்டிருக்கிறார். ஆனால் 1987இல் டி.வி. முன் உட்கார்ந்திருந்த பெரும்பாலானவர்களுக்கு அது தெரியாது. ஊருக்கு ஊர் தனித்தனியாக ரெஸ்லிங் நடந்த காலம் அப்போதுதான் முடிந்துகொண்டிருந்தது. நாடு முழுக்க ஒரே நிகழ்ச்சியைப் பார்க்கிற புதுக் கூட்டம் ஒன்று உருவாகியிருந்தது. அவர்களுக்குப் பழைய கணக்கு கிடையாது, கண் முன்னே சொன்னதுதான் சரித்திரம்.

இதற்கு முன் நடந்த கதையும் எளிமையானது. ஹோகனும் ஆந்த்ரேயும் நண்பர்கள். ஹோகன் மூன்று வருஷமாகச் சாம்பியன். ஒருநாள் ஆந்த்ரே வில்லன் மேனேஜர் பாபி ஹீனனைக் கூட்டிக்கொண்டு வந்து, ஹோகனின் சட்டையைக் கிழிக்கிறார். கழுத்தில் கிடந்த சிலுவைச் சங்கிலியும் அறுந்துபோகிறது. அவ்வளவுதான். குழந்தைக்கும் புரியும்.

ஆட்டம் தொடங்கிய சில நொடிகளிலேயே அந்தக் கேள்வியை வெளியே எடுத்து வைத்துவிடுகிறார்கள். ஹோகன் ஆந்த்ரேயைத் தூக்கப் பார்க்கிறார், முடியவில்லை. ஆந்த்ரே அவர் மேலேயே சரிகிறார், ரெஃப்ரி தரையைத் தட்டி எண்ணுகிறார் (மூன்று எண்ணும்வரை தோள் தரையில் இருந்தால் தோல்வி), மூன்றாவது அடி விழும் நேரத்தில் ஹோகன் தப்புகிறார். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். முதல் நிமிடத்திலேயே நாயகன் தோற்றுக்காட்டுகிறார். இனி மிச்சம் இருக்கிற அத்தனை நேரமும் நம் மனதில் ஓடுவது அந்த ஒரு தூக்கல்தான்.

நடுப்பகுதி மெதுவாகத்தான் போகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆந்த்ரேக்கு அப்போது உடம்பு சரியில்லை. முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், உடைக்கு உள்ளே முதுகுப்பட்டை கட்டிக்கொண்டு ஆடினார். அதனால் ஆட்டம் நிற்பது, நடப்பது, கட்டிப்பிடித்து நெரிப்பது என்றே நகர்கிறது. குறிப்பாக அந்த நெடுநேரக் கரடிப்பிடி. வெறும் தொழில்நுட்பமாகப் பார்த்தால் சலிப்பு. ஆனால் கூட்டத்தைக் கவனியுங்கள். ஹோகனின் கை தளர்ந்து விழுவதும், மறுபடி எழுவதுமாக இருக்கும்போது அரங்கமே அந்தக் கையோடு மேலும் கீழும் போகிறது. ஒருவர் கிட்டத்தட்ட அசையாமல் நின்றுகொண்டே இத்தனை ஆயிரம் பேரை அசைக்கிறார் என்றால், அதைத் திறமை இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆந்த்ரேயின் முகத்தில் தெரிகிற நிதானம், அவசரமே படாத அந்தக் கண்கள், இவையெல்லாம் குட்டிக்கரணம் போடுவதைவிடக் கடினமானவை.

அப்புறம் அந்தக் கணம் வருகிறது. ஹோகன் தூக்குகிறார், போடுகிறார், ஓடிவந்து காலால் விழுகிறார், ஒன்று, இரண்டு, மூன்று. கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு ஒரு நொடிகூட வீணாக்கவில்லை.

சாவேஜ் – ஸ்டீம்போட்: கேள்விமேல் கேள்வி

அதே நிகழ்ச்சியில் இதற்கு முன்னால் நடந்தது இரண்டாம் நிலைச் சாம்பியன் பட்டமான இன்டர்கான்டினென்டல் பெல்ட்டுக்கான ஆட்டம். இதன் பகை இன்னும் கொடூரமானது. 1986 நவம்பரில் சாவேஜ், ரிங் ஓரத்தில் இருக்கிற மணியை எடுத்து ஸ்டீம்போட்டின் தொண்டையில் இறக்கினார். குரல்வளை நசுங்கிவிட்டது, பேசவே பழக வேண்டியிருக்கிறது என்று கதையைக் கொண்டுபோனார்கள்.

அந்தக் காலத்து வழக்கம் என்னவென்றால், முடிவை மட்டும் பேசிக்கொண்டு, மற்றதை ரிங்குக்குள் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டே ஆடுவார்கள். கூட்டம் எதற்கு எழுகிறது, எதற்கு அடங்குகிறது என்று பார்த்து அதற்கேற்ப மாற்றுவார்கள். சாவேஜுக்கு அது போதவில்லை. ஒவ்வொரு அசைவையும் காகிதத்தில் எண் போட்டு எழுதி, இருவரும் மனப்பாடம் செய்து, ஒருவரையொருவர் கேள்வி கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார்கள். ஸ்டீம்போட் இதைப் பின்னாளில் பேட்டிகளில் விரிவாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த உழைப்பு திரையில் தெரிகிறது. ஸ்டீம்போட் தொடக்கத்திலேயே இரண்டு கையாலும் சாவேஜின் தொண்டையைப் பிடித்துத் தூக்குகிறார். பழிவாங்க வந்திருக்கிறான் என்பதைச் சொல்ல வேறு வசனம் வேண்டாம். சாவேஜ் அவரைக் கயிற்றுக்கு மேலே தள்ளினால், அவர் கயிற்றைப் பிடித்துத் தொங்கி, உடம்பைச் சுருட்டி மறுபடி உள்ளே வருகிறார். அப்புறம் கடைசிப் பகுதியில் ஒரு மழை. ஸ்டீம்போட் ஒவ்வொரு விதமாக மடக்கிப் போட்டு எண்ணவைக்கிறார், ஒவ்வொரு முறையும் இரண்டில் சாவேஜ் தோளைத் தூக்கிவிடுகிறார். இங்கே கேள்வி "தூக்க முடியுமா" என்பது மாதிரி ஒன்றல்ல. "இப்போது முடிந்துவிட்டதா? இப்போதா? இதிலாவது?" என்று சில நொடிக்கு ஒருமுறை நம்மைப் பாதி எழவைத்து உட்காரவைக்கிறார்கள்.

முடிவுக்கும் அந்த மணிதான் வருகிறது. ரெஃப்ரி அடிபட்டு விழுந்து கிடக்கும்போது சாவேஜ் மேலிருந்து முழங்கையால் குதிக்கிறார். ஆட்டம் அவருடையதுதான், ஆனால் எண்ண ஆளில்லை. உடனே போய் மணியைத் தூக்கி வருகிறார். நான்கு மாதம் முன்னால் நடந்தது மறுபடி நடக்கப்போகிறது என்று கூட்டம் அலறுகிறது. ஸ்டீம்போட்டின் துணைக்கு வந்த ஜார்ஜ் ஸ்டீல் சாவேஜைக் கீழே தள்ளிவிடுகிறார். மணியைக் காட்டிவிட்டு, அதைப் பயன்படுத்தாமலே முடிக்கிறார்களே, அங்கேதான் எழுத்து இருக்கிறது. சாவேஜ் தூக்கப்போக, ஸ்டீம்போட் அவரைச் சுருட்டி அமுக்கிவிடுகிறார். மூன்று.

சரி, இரண்டில் எது? சுறுசுறுப்பு, நேர்த்தி, திரும்பத் திரும்பப் பார்க்கிற சுவை என்று வந்தால் சாவேஜ் – ஸ்டீம்போட்தான், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் சாவேஜின் வழியில் ஒரு ஆபத்து இருந்தது. அது பிறகு வந்தவர்களிடம்தான் வெளிப்பட்டது. இரண்டில் தப்புவது பரபரப்பு என்று தெரிந்ததும் எல்லோரும் அதையே செய்தார்கள். யாரும் எழ முடியாது என்று நம்பவைக்கப்பட்ட அடிகளிலிருந்தும் எழத் தொடங்கினார்கள். 2009இல் ஹூஸ்டனில், ரெசில்மேனியா 25இல், அண்டர்டேக்கரின் முடிவடியான டூம்ஸ்டோனிலிருந்து (ஆளைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் இறக்குவது) ஷான் மைக்கேல்ஸ் தப்பியபோது அது அதிர வைத்தது. காரணம், அண்டர்டேக்கர் அதுவரை ரெசில்மேனியாவில் 16 ஆட்டங்களில் தோற்காதவர், அந்த அடிக்கு அத்தனை வருஷ மரியாதை இருந்தது. அந்த மரியாதையைச் சேர்க்காமல் சும்மா எழுந்துகொண்டே இருக்கிற ஆட்டங்கள் இன்று வாரத்துக்கு நாலு வருகின்றன. எண்ணுகிற சத்தம் கேட்டாலே இரண்டோடு நிற்கும் என்று தெரிந்துவிடுகிறது.

ஹோகன் – ஆந்த்ரே ஆட்டத்துக்கு இந்த நோய் கிடையாது. ஆனால் அதைத் திரும்பச் செய்யவும் முடியாது. அதற்கு ஒரு ஆந்த்ரே வேண்டும், அப்படி ஒருவரைப் பார்த்தே இராத கூட்டம் வேண்டும். நம் ஊரில் தொண்ணூறுகளில் டபிள்யூடபிள்யூஎஃப் ட்ரம்ப் கார்டு வைத்து விளையாடியவர்களுக்கு உயரமும் எடையும் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். பெரிய எண் கையில் இருந்தால் பாதி ஜெயித்த மாதிரி. அந்த மயக்கம் முழுவதையும் ஒரே ஆட்டத்தில் செலவழித்தது 1987தான்.

பிரட் ஹார்ட் – ஆஸ்டின்: கேள்வியே மாறுகிறது

என் ஓட்டு இந்த இரண்டுக்குமே இல்லை. அது பத்து வருஷம் கழித்து, 1997 மார்ச் 23, சிகாகோ அருகே ரோஸ்மான்ட் ஹரைசன் அரங்கில் நடந்த ரெசில்மேனியா 13க்குப் போகிறது. பிரட் ஹார்ட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும். தோளை அமுக்கி எண்ணுகிற வேலையே இல்லை. ஒருவர் வலி தாங்காமல் "போதும்" என்று சொன்னால்தான் முடியும். சண்டை வீரர் கென் ஷாம்ராக் சிறப்பு ரெஃப்ரி.

அரங்குக்குள் போகும்போது பிரட் நல்லவர், ஆஸ்டின் கெட்டவர். குறைந்தபட்சம் அப்படித்தான் பெயர். ஆனால் அந்தப் பெயர் ஏற்கெனவே கொஞ்சம் ஆட்டம் கண்டிருந்தது. அந்த வருஷம் ராயல் ரம்பிளில் (பலர் ஆடுவது, கயிற்றுக்கு மேலே வெளியே தள்ளப்படுபவர் அவுட், கடைசியாக நிற்பவருக்கு வெற்றி) பிரட் ஆஸ்டினை வெளியே தள்ளிவிட்டார், ரெஃப்ரிகள் பார்க்கவில்லை, ஆஸ்டின் மறுபடி ஏறிவந்து பிரட்டையே தள்ளி ஜெயித்தார். அதிலிருந்து பிரட் வாராவாரம் "எனக்கு அநியாயம் நடக்கிறது" என்று புலம்பினார். நியாயம் அவர் பக்கம்தான். ஆனால் புலம்பலைக் கேட்டுக் கேட்டுக் கூட்டத்துக்கு அலுத்துவிட்டது. மறுபக்கம், யாரிடமும் எதையும் கெஞ்சாத ஆஸ்டினை உள்ளுக்குள் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

இருவரும் கூட்டத்துக்குள்ளேயே போய் அடித்துக்கொள்கிறார்கள், படிக்கட்டு, நாற்காலி எல்லாம் வருகிறது. பிரட் ஆஸ்டினின் முழங்காலைக் குறிவைத்துச் சிதைக்கிறார். பிரட்டின் அருமை இதுதான். ஒரு அடி விழுந்தால் அதற்குப் பிறகு அந்த உறுப்பு அடிபட்டதாகவே இருக்கும், வசதிக்கு மறக்கப்படாது. ஆஸ்டின் நெற்றி கிழிந்து ரத்தம் கொட்டுகிறது. கடைசியில் பிரட், காலை முறுக்கி முதுகை வளைக்கிற ஷார்ப்ஷூட்டர் பிடியைப் போடுகிறார். ஆஸ்டினின் முகம் திரை முழுக்க வருகிறது, பல்லுக்கு இடையில் ரத்தம். கத்துகிறார், எழும்பப் பார்க்கிறார், பிடி ஒருமுறை ஏறக்குறைய உடைகிறது. ஆனால் "போதும்" என்கிற சொல் மட்டும் வரவில்லை. நினைவு தப்பிவிடுகிறது. ஷாம்ராக் ஆட்டத்தை நிறுத்துகிறார்.

பிரட் ஜெயித்துவிட்டார், ஆஸ்டின் தோற்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. பிரட் அதோடு விடாமல் மயங்கிக் கிடப்பவரின் காலை மறுபடி உதைக்க வருகிறார், ஷாம்ராக் இடுப்பைப் பிடித்து இழுத்து எறிகிறார். ஆஸ்டின் கைகொடுக்க வந்தவர்களை உதறிவிட்டுத் தானே நொண்டி நடந்து போகிறார். கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. ஆட்டம் தொடங்கியபோது "யார் ஜெயிப்பார்" என்று கேட்டுக்கொண்டிருந்த நாம், முடியும்போது "நான் யார் பக்கம்" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். அடுத்த சில வருஷங்களில் ஆஸ்டின் அந்தத் துறையின் மிகப் பெரிய நட்சத்திரமாக ஆனதற்கு இந்த ஆட்டம் வாசல்.

1987இன் இரண்டு ஆட்டங்களும் நம் ஆசையை நிறைவேற்றுகின்றன. ஒன்று தாமதித்து, மற்றது சுழற்றிச் சுழற்றி. இது ஆசையையே மாற்றிவிடுகிறது. அதனால்தான் இது எனக்கு ஒரு படி மேலே.

தொலைக்காட்சிக்கும் இதில் பங்கு உண்டு. சில்வர்டோமில் பின்வரிசையில் இருந்தவருக்கு ஹோகன் ஆந்த்ரேயைத் தூக்கியது தெரிந்திருக்கும், அந்த அளவு பெரிய உருவம். ரோஸ்மான்ட்டில் ஆஸ்டினின் பல்லுக்கு நடுவே இருந்த ரத்தம் கேமராவுக்குத்தான் தெரியும். சாவேஜ் – ஸ்டீம்போட் இரண்டுக்கும் நடுவே: தூரத்திலிருந்து பார்த்தாலும் அசைவு புரியும், அருகே பார்த்தால் சாவேஜின் கண்ணில் ஓடுகிற பதற்றம் கூடுதலாகக் கிடைக்கும். சத்தத்தை அணைத்துப் பார்த்தால் அதிகம் இழப்பது ஹோகன் – ஆந்த்ரே, ஏனென்றால் அதில் பாதி நடிப்பு கூட்டத்தினுடையது.

ரெஸ்லிங்கே பார்த்திராத ஒருவருக்குக் காட்டுவதென்றால் சாவேஜ் – ஸ்டீம்போட்டிலிருந்து தொடங்குவேன், அதற்கு அந்த மணிக் கதையைத் தவிர வேறு முன்கதை தேவைப்படாது. பிரட் – ஆஸ்டினை ராயல் ரம்பிள் முடிவைப் பார்த்த பிறகுதான் காட்டுவேன். ஹோகன் – ஆந்த்ரேயைப் பொறுத்தவரை ஒரு வேண்டுகோள்: செல்போனில் சுற்றுகிற அந்த அரை நிமிடத் துண்டைப் பார்த்துவிட்டு "இதுக்கா இவ்வளவு பேச்சு" என்று தள்ளிவிடாதீர்கள். முதல் நிமிடத்தில் தூக்க முடியாமல் ஹோகன் சரிவதிலிருந்து, கரடிப்பிடியையும் சேர்த்து, பன்னிரண்டு நிமிடத்தையும் பாருங்கள்.