ஒட்டுறதா, திருகுறதா? குழந்தை இருக்குற வீட்டுக்கு எந்த சேஃப்டி ஐட்டம் வாங்கலாம்

குழந்தை தவழ ஆரம்பிச்ச உடனே முக்காவாசி பேர் பண்றது, ஆன்லைன்ல ஒரு ஜம்போ கிட் தேடி ஆர்டர் போடுறது. கார்னர் கார்டு, சாக்கெட் மூடி, கேபினட் லாக், டோர் ஸ்டாப்பர்னு எல்லாம் ஒரே டப்பால வந்துடும், விலையும் கம்மிதான். வாங்காதீங்கன்னு சொல்ல வரல. ஆனா அந்த டப்பால இருக்குறது கிட்டத்தட்ட எல்லாமே டேப்ல ஒட்டுறது, இல்லன்னா சும்மா செருகுறது. கடைல கிடைக்குறத நான் ரெண்டா பிரிச்சுதான் பாப்பேன்: ஒட்டுறது, செருகுறது, முட்டுக்கொடுத்து நிக்கிறது எல்லாம் ஒரு வகை, ட்ரில் போட்டு ஸ்க்ரூ முடுக்குறது இன்னொரு வகை. முட்டிக்கிட்டா கொஞ்சம் வீங்கும், அழும், அவ்ளோதான்ங்கிற இடத்துக்கு முதல் வகை போதும். விழுந்தா, ஷாக் அடிச்சா, எதையாவது குடிச்சா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்ங்கிற இடத்துல ரெண்டாவது வகைதான், அங்க காசு பாக்காதீங்க.

பாக்ஸ் மேல "சர்டிஃபைடு", "பிரீமியம்"னு போட்டிருக்குறத எல்லாம் நம்பி வாங்க வேணாம். 2021 ஜனவரி 1ல இருந்து பொம்மைக்கு ஐஎஸ்ஐ மார்க் கட்டாயம் ஆனது நெறைய பேருக்கு தெரியும், ஆனா அந்த ஆர்டர் பொம்மைக்கு மட்டும்தான், கேபினட் லாக்குக்கு இல்ல. சேஃப்டி கேட் வாங்குறீங்கன்னா ஈஎன் (EN) 1930 (ஐரோப்பா) இல்லன்னா ஏஎஸ்டிஎம் (ASTM) எஃப்1004 (அமெரிக்கா), இந்த ரெண்டு பாதுகாப்பு ஸ்டாண்டர்டுல ஒரு நம்பராவது தெளிவா போட்டிருக்கானு பாருங்க.

முதல்ல பால்கனி, ஏன்னா ஃப்ளாட்ல இருக்குறவங்களுக்கு இதுதான் பெரிய விஷயம். மூணு ஆப்ஷன் இருக்கு, நைலான் நெட், இன்விசிபிள் கிரில், பழைய இரும்பு கிரில். நெட்டுதான் சீப், ஒரே நாள்ல மாட்டிட்டு போயிடுவாங்க, ஆனா போன் பண்ணி கேக்கும்போதே தெளிவா கேளுங்க, புறா வலையா குழந்தைக்கான சேஃப்டி நெட்டானு. ரெண்டும் வேற வேற. புறா வலை பறவைய தடுக்க மட்டும்தான், நூல் மெலிசா இருக்கும், பத்து பன்னெண்டு கிலோ குழந்தை ஓடி வந்து சாஞ்சா தாங்கும்னு யாரும் சொல்ல முடியாது. நிஜ சேஃப்டி நெட்டா இருந்தாலும் நம்ம ஊர் வெயில்ல நூல் மக்கும், வருஷா வருஷம் கையால இழுத்துப் பாத்து மாத்த வேண்டியிருக்கும். கொக்கியையும் பாருங்க, சும்மா பூச்சுல அடிச்ச கொக்கி ஒரு இழுப்புல சிமெண்டோட கையில வந்துடும்.

இன்விசிபிள் கிரில்னா நைலான் கோட்டிங் போட்ட ஸ்டீல் கம்பி, மேலயும் கீழயும் அலுமினியம் ட்ராக்ல இழுத்து கட்டுறது. இதுல கேக்க வேண்டிய கேள்வி மூணு. ஒண்ணு, கம்பியோட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிரேடு 304ஆ 316ஆ. திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடல் காத்து அடிக்கிற ஏரியால 304 சீக்கிரம் துரு புடிக்கும், 316தான் போடணும். ரெண்டு, இடைவெளி. சில பேர் காசு மிச்சம்னு நாலு இஞ்ச் கேப்ல போட்டு தருவாங்க, ரெண்டு இஞ்ச்ல போடச் சொல்லுங்க, ஏன்னா கம்பி வளையும், நாலு இஞ்ச் கேப்ப ஒரு குழந்தை தலையால தள்ளினா அது நாலு இஞ்ச்சாவே நிக்காது. மூணு, லூஸ் ஆனா திரும்ப வந்து டைட் பண்ணி தருவாங்களா, அது வாரன்டில வருதா. வேலை முடிஞ்சதும் அவங்க முன்னாடியே ரெண்டு கம்பிய ரெண்டு கையால புடிச்சு விரிச்சுப் பாருங்க. கம்பி ஈஸியா அகலமா விரிஞ்சா காச குடுக்காதீங்க.

இரும்பு கிரில் பாக்க ஜெயில் மாதிரி இருக்குன்னு இப்ப நெறைய பேர் போடுறதில்ல, ஆனா எனக்கு இன்னும் அது மேலதான் நம்பிக்கை. கண்டிஷன் என்னன்னா கம்பி நெட்டுக்குத்தா இருக்கணும். படுக்க வச்ச கம்பி, பூ டிசைன் எல்லாம் குழந்தைக்கு ஏணி. அப்புறம் தீ கீன்னு ஏதாவது ஆனா வெளிய வர ஒரு பக்கம் திறக்குற மாதிரி பூட்டு வச்சு செய்யச் சொல்லுங்க, சாவி எங்க இருக்குன்னு வீட்ல பெரியவங்க எல்லாருக்கும் தெரியணும். இந்த மூணுல எத போட்டாலும் பால்கனில செருப்பு ஸ்டாண்டு, ஸ்டூல், பெரிய துளசி தொட்டி, ஏசி அவுட்டர் யூனிட் இதெல்லாம் கைப்பிடி பக்கத்துல இருந்தா ஏறி நிக்க அதுவே படி ஆயிடும், முதல்ல அத நகத்துங்க.

படிக்கட்டு கேட்டும் இதே கதைதான். பிரஷர் கேட்டுன்னு வர்றது ரெண்டு பக்க சுவர்ல முட்டுக்கொடுத்து நிக்கும், ட்ரில் வேணாம், வாடகை வீட்டுக்கு வசதி. ரூமுக்கும் ஹாலுக்கும் நடுவுல, கிச்சன் வாசல்ல, படிக்கு கீழ்ப்பக்கம் ஓகே. படிக்கு மேல மட்டும் கூடவே கூடாது. குழந்தை புடிச்சு உலுக்க உலுக்க அது கொஞ்சம் கொஞ்சமா நழுவும், டைல்ஸ் சுவர்னா இன்னும் சீக்கிரம். போதாக்குறைக்கு அதுக்கு அடில ஒரு குறுக்கு கம்பி இருக்கும், ராத்திரி தூக்கக்கலக்கத்துல குழந்தைய தூக்கிட்டு வர்றப்ப கால் தட்டினா நேரா கீழதான். மேல்படிக்கு ஸ்க்ரூ போட்ட கேட்டுதான், கதவு படி பக்கமா திறக்காம உள்பக்கமா திறக்கணும்.

இன்னொரு விஷயம், ஆன்லைன் கேட்டு நம்ம படிக்கட்டுக்கு நெறைய இடத்துல செட்டே ஆகாது, ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் எஸ்எஸ் ஹேண்ட்ரெயில் உருண்டை பைப்பு. அங்க உங்க ஏரியா கிரில் பட்டறைல அளவு குடுத்து ஒரு அரைக்கதவு செய்யச் சொல்றது எவ்ளோ மேல்னு தோணுது எனக்கு. நெட்டுக்கம்பி மட்டும், இடைவெளி ரெண்டரை இஞ்ச்சுக்குள்ள, அடில கேப் குழந்தை நுழையாத அளவு, தாழ்ப்பாள் மேல வெளிப்பக்கம், முனையெல்லாம் கிரைண்டிங் போட்டு மழுக்கணும், இத எழுதியே குடுத்துடுங்க. வாய்ல சொன்னா அவர் நடுவுல ஒரு டிசைன் வச்சு தந்துடுவார்.

சாக்கெட் மேட்டருக்கு வருவோம். செருகுற பிளாஸ்டிக் மூடி எனக்கு சுத்தமா புடிக்கல. நம்ம ஊர்ல ரெண்டு சைஸ் உருண்டை பின், 6 ஆம்பியர் 16 ஆம்பியர், கிட்ல வர்றது ஒண்ணுல லூஸா இருக்கும் இன்னொண்ணுல உள்ளயே போகாது. லூஸா இருக்குறத குழந்தை நகத்தால நெம்பி எடுத்து அப்படியே வாய்ல வைக்கும். சிங்கப்பூர்ல இருந்தோ லண்டன்ல இருந்தோ சொந்தக்காரங்க வாங்கிட்டு வந்தா அது சதுர பின், நமக்கு ஆகவே ஆகாது. அந்த இங்கிலாந்துலயே சாக்கெட்டுக்குள்ள ஷட்டர் (ஓட்டைய உள்பக்கம் மூடியிருக்குற தகடு) இருக்கு, இந்த மூடி அந்த ஷட்டர திறந்து வச்சிடும்னு 2016ல அங்க சுகாதாரத்துறையே ஆஸ்பத்திரி, பராமரிப்பு இல்லம் மாதிரி இடங்கள்ல இத யூஸ் பண்ணாதீங்கன்னு சொல்லிட்டாங்க. இங்க பெஸ்ட் என்னன்னா எலக்ட்ரீஷியன கூப்பிட்டு கீழ இருக்குற பழைய சாக்கெட்ட ஷட்டர் வச்ச மாடுலர் சாக்கெட்டா மாத்துறது. சிலதுல எர்த் பின் உள்ள போனாதான், சிலதுல ரெண்டு பின்னும் ஒண்ணா அழுத்தினாதான் ஓட்டை திறக்கும், கம்பியோ ஹேர்பின்னோ ஒரு ஓட்டைல விட்டா போகாது. அப்படியே மெயின் போர்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற ஸ்விட்ச்) இருக்கானு பாத்து டெஸ்ட் பட்டன அமுக்கிப் பாருங்க, ட்ரிப் ஆகணும். இதுக்கு ஹவுஸ் ஓனரும் பெருசா மறுப்பு சொல்ல மாட்டாரு.

கேபினட் லாக்குல பட்டை மாதிரி ஒட்டுற ஸ்ட்ராப் ஒண்ணு, உள்பக்கம் வைக்குற, வெளிய காந்தம் வச்சாதான் திறக்குற மேக்னட் லாக் ஒண்ணு. ஸ்ட்ராப் வெளிய தெரியும், நீங்க பட்டன அமுக்கி திறக்குறத ஒரு ரெண்டு வயசு வாண்டு நாலு வாட்டி பாத்தா அதுவே திறந்துடும். கிச்சன் கதவுல எண்ணெய் பிசுக்கு இருக்குறதால டேப்பும் நிக்காது, ஒட்டுறதா இருந்தா ஸ்பிரிட்ல நல்லா தொடச்சு, ஒட்டிட்டு ஒரு நாள் முழுக்க தொடாம விடுங்க. ஃபிரிட்ஜுக்கு, டிராயருக்கு ஸ்ட்ராப் ஓகே. பினாயில், ஆசிட், பாச்சை உருண்டை வைக்குற ஷெல்ஃபுக்கு மேக்னட் லாக், அதையும் டேப்ல ஒட்டாம கூட வர்ற ஸ்க்ரூவ போட்டு முடுக்குங்க, பிவிசி கதவுன்னா ஸ்க்ரூ மறுபக்கம் குத்திட்டு வரும், சின்ன சைஸ் வாங்கணும். கதவே இல்லாத கடப்பா கல் ஸ்லாப் கிச்சனா? அங்க எந்த லாக்கும் வேலைக்காகாது, எல்லாத்தையும் லாஃப்ட்ல ஏத்துங்க.

கார்னர் கார்டு பத்தி ரொம்ப யோசிக்க வேணாம். ஃபோம் மெத்துனு இருக்கும், ஆனா பல் வர்ற குழந்தை கடிச்சு பிச்சு வாய்ல போடும். கண்ணாடி மாதிரி இருக்குற உருண்டை சிலிக்கான் கடிபடாது, ஆனா டேப் விட்டா முழுசா கழண்டு வரும். வாய்ல போட்டா அடைச்சுக்குற சைஸானு பாக்க லேப்ல ஒரு குழாய் வச்சிருக்காங்க, விட்டம் 31.7 மில்லிமீட்டர், நம்ம பத்து ரூபா காயின் 27தான், அதவிட கொஞ்சம் பெருசு. அந்த அளவுக்குள்ள அடங்குற எதுவும் வேணாம், நீளமான எல் ஷேப் ஃபோம் பட்டைய வாங்கி ஓரம் முழுக்க ஒட்டிட்டு அப்பப்ப கடிச்சிருக்கானு பாருங்க. கண்ணாடி டீப்பாய் இருந்தா ரெண்டு வருஷம் தூக்கி மாடில போடுங்க.

டிவி ஸ்டாண்டு, டிராயர் செட்ட சுவரோட கட்டுறதுக்கு பிளாஸ்டிக் பட்டையும் வருது, மெட்டல் பிராக்கெட்டும் வருது. மெட்டல், அதுவும் சுவர்ல ட்ரில் போட்டு. 2016ல அமெரிக்கால ஐகியாங்கிற ஃபர்னிச்சர் கம்பெனி ரெண்டு கோடியே தொண்ணூறு லட்சம் டிராயர் செட்ட திரும்ப வாங்குறேன்னு அறிவிச்சதே, சுவர்ல மாட்டாம வச்சிருந்தது குழந்தைங்க மேல சாஞ்சு உயிர் போனதாலதான். ஓனர் ஓட்டை போட விடலன்னா காலி பண்றப்ப வால் புட்டி வச்சு பெயின்ட் அடிச்சு தர்றேன்னு பேசிப் பாருங்க.

கேஸ் அடுப்பு நாப்புக்கு டிரான்ஸ்பரன்ட் கவர் விக்கிறாங்களே, அத மட்டும் வாங்காதீங்க. நம்ம அடுப்பு நாப்புக்கு நெறைய செட் ஆகாது, சூட்டுல நெளியவும் செய்யும். சமைச்சு முடிச்சதும் சிலிண்டர்ல ரெகுலேட்டர ஆஃப் பண்ணிடுங்க, அந்த சிலிண்டர் இருக்குற கேபினட்டுக்கு மேல சொன்ன மேக்னட் லாக் ஒண்ணு போடுங்க, கீழ காத்து போற ஓட்டைய மட்டும் அடைச்சுடாதீங்க.