"15 மணி நேரத்தில் டொரண்டோ" என்று சொன்னார்கள், 78,400 ரூபாய் போய்விட்டது

நேற்று ராத்திரி நடந்தது. ஆத்திரம் அடங்கவில்லை. வெளிநாட்டுக்கு டிக்கெட் போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

தங்கைக்கு டொரண்டோவில் இந்த மாதக் கடைசியில் பிரசவம். அம்மாவை அனுப்ப எங்கள் ஏரியா டிராவல்ஸ் ஒன்றுக்குப் போனேன். அம்மாவும் கூட வந்தார். முதல்முறை விமானம் ஏறுகிறவர், தனியாகப் போகிறார் என்று சொல்லித்தான் கேட்டேன். அந்தப் பையன் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பி, உலக மேப்பில் ஒரு கோடு காட்டினான். "13,400 கிலோமீட்டர் சார், 15 மணி நேரம். டெல்லி வழியா போனா சுத்தே இல்ல."

தூரம் சரிதான். சென்னை–டெல்லி 1,760, டெல்லி–டொரண்டோ 11,640 கிலோமீட்டர். அதனால்தான் நம்பினேன். ஆனால் சென்னையிலிருந்து டொரண்டோவுக்கு நேர் விமானமே கிடையாது. அந்த 15 மணி நேரம், தூரத்தை விமான வேகத்தால் வகுத்து வந்த வெறும் கணக்கு. "இரவு 7.30க்கு ஏறினா காலை 6.20க்கு இறங்கிடலாம்மா" என்று அம்மாவிடம் வேறு சொன்னான். டொரண்டோ நேரம் இப்போது நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். அதையும் சேர்த்தால் 20 மணி 20 நிமிடம்!

டிக்கெட்டில் இரண்டு பிஎன்ஆர் (முன்பதிவு எண்) இருந்தது. கேட்டேன். "ரெண்டு ஏர்லைன்ஸ் சார், அப்படித்தான் வரும்" என்றான். "ஜன்னல் சீட் போட்டிருக்கேம்மா" என்று அவன் சொன்னதும் அம்மா முகத்தில் சிரிப்பு. நான் அதற்குமேல் கேட்கவில்லை.

சென்னையில் பெட்டிகளுக்கு டெல்லி வரைக்கும்தான் டேக் போட்டார்கள். விமானம் 50 நிமிடம் தாமதம். இறங்கியது டெர்மினல் 1, டொரண்டோ விமானம் டெர்மினல் 3. இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர், வெளியே வந்து வண்டி பிடிக்க வேண்டும். 63 வயது அம்மா, பிரசவ லேகியமும் முறுக்கும் கட்டிய இரண்டு பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு, இந்தி தெரியாமல் வழி கேட்டு வழி கேட்டுப் போய்ச் சேரும்போது கவுண்டர் மூடிவிட்டார்கள். தனித்தனி டிக்கெட் என்பதால் இரண்டு ஏர்லைன்ஸும் பொறுப்பு ஏற்கவில்லை. 'நோ ஷோ', அதாவது பயணி வரவில்லை என்று போட்டுவிட்டார்கள். 78,400 ரூபாய்.

காலையிலிருந்து டிராவல்ஸுக்கு ஒன்பது முறை போன் செய்துவிட்டேன். முதலில், "ஃப்ளைட் லேட்டுக்கு நாங்க என்ன சார் பண்றது?" அப்புறம், "ஓனர் திருச்சி போயிருக்கார்." அப்புறம், "டாக்ஸ் மட்டும் வரும், 45 நாள் ஆகும்." இப்போது வாட்ஸப்பில் ப்ளூ டிக் மட்டும் விழுகிறது. 78,400 ரூபாய் சார், என் இரண்டு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது! அம்மா இன்னும் டெல்லி விமான நிலையத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், முடியவில்லை. ஒரே பிஎன்ஆரா என்று பாருங்கள். பெட்டி கடைசி ஊர் வரைக்கும் போகுமா என்று எழுத்தில் வாங்குங்கள். எந்த டெர்மினல் என்று கேளுங்கள். கிலோமீட்டரைச் சொல்லி நேரம் சொன்னால் நம்பாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நான் இனிமேல்தான் கூப்பிடப் போகிறேன். அம்மா போன் வருகிறது, வைக்கிறேன்.